ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் தீபாவளிப் பலகாரம்: புரதம் வரும் வழியைக் கவனிப்பது எப்படி?

தீபாவளி நெருங்கும் வாரங்களில் சேலத்து இனிப்புக் கடைகளிலும், வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்பவர்களின் வாட்ஸ்அப் பட்டியல்களிலும் 'பால் சேர்க்காதது', 'நட்ஸ் இல்லாதது', 'குளூட்டன் இல்லாதது' என்ற சொற்கள் இப்போது சாதாரணமாகத் தென்படுகின்றன. இச்சொற்களின் பொருள் என்ன, யாருக்கு இவை உண்மையில் தேவை, வீட்டு அடுப்பில் இதே உறுதியைத் தர முடியுமா என்பதில் குழப்பம் நிறைய இருக்கிறது. பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு நெய்யில் பிடித்த லட்டைக் கொடுக்கலாமா, நிலக்கடலை அலர்ஜி உள்ளவர் செக்குக் கடலை எண்ணெயில் சுட்ட முறுக்கைத் தின்னலாமா என்று கேட்டால் ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். கேள்வியில் பொருளின் பெயர் மட்டும் இருப்பதுதான் இதற்குக் காரணம். அந்தப் பொருளின் புரதம் எங்கே தங்குகிறது, எந்த வழியாகத் தட்டுக்கு வருகிறது என்று கேட்டால் பெரும்பாலான குழப்பம் தானே தெளியும்.

'ஒத்துக்காது' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று கோளாறுகள்

பேச்சுத் தமிழில் 'எனக்குப் பால் ஒத்துக்காது', 'கோதுமை சேராது' என்று சொல்லிவிடுகிறோம். மருத்துவ நோக்கில் இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. பலகாரம் செய்பவர் முதலில் பிரித்தறிய வேண்டியது இவற்றைத்தான்.

1. ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. உடலின் எதிர்ப்பாற்றல், உணவில் உள்ள ஒரு புரதத்தைத் தவறுதலாக எதிரியாகக் கருதி 'ஐ.ஜி.இ.' என்னும் எதிர்ப்பொருளை உருவாக்கி வைத்திருக்கும். அதே புரதம் மறுபடி உள்ளே வரும்போது சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு போன்றவை தோன்றும். தீவிரமானால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். இங்கே அளவு காப்பாற்றாது. மிகச் சிறு துணுக்கே போதுமானதாக இருக்கலாம்.

2. செரிக்கும் திறன் குறைவு. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க வேண்டிய லாக்டேஸ் நொதி வயது ஏறும்போது பலருக்குக் குறைந்துவிடுகிறது. வயிறு உப்புசம், கழிச்சல் என்று துன்பம் இருக்கும், உயிராபத்து இல்லை. இவர்களில் பலருக்குக் கொஞ்சம் தயிரும் நெய்யும் தொல்லை தருவதில்லை.

3. சீலியாக் நோய். கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் புரதத்தைத் தின்றால், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தச் சிறுகுடலையே சிதைக்கும். உடனடியாக ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் சேதம் நடந்துகொண்டே இருக்கும். கோதுமை அலர்ஜியும் இதுவும் ஒன்றல்ல.

'பால் ஒத்துக்காது' என்று சொன்னவர் இரண்டாம் வகையாக இருந்தால் நெய் லட்டு பெரும்பாலும் சிக்கலாகாது. அவரே முதல் வகையாக இருந்தால் அந்த லட்டைக் கொடுக்கக் கூடாது. ஆகவே விருந்தாளியிடம் எது சேராது என்று கேட்பதோடு, தின்றால் என்ன ஆகும் என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. 'பண்டிகை நாள்தானே, துளி கொடுத்துப் பார்ப்போம்' என்ற சோதனை மட்டும் வீட்டில் கூடவே கூடாது. பால், முட்டை அலர்ஜி பல குழந்தைகளுக்கு வளர வளரத் தணிந்துவிடும் என்பது உண்மைதான். அது தணிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டிய இடம் மருத்துவமனை.

சட்டப் பட்டியலில் இருப்பவையும் இல்லாதவையும்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020 ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி, பொட்டலமிட்ட உணவில் குளூட்டன் உள்ள தானியங்கள், நண்டு இறால் வகைகள், பால், முட்டை, மீன், நிலக்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்பைட் (உணவை வெளுக்கவும் கெடாமல் காக்கவும் சேர்க்கும் உப்பு) ஆகியவற்றைத் தனியாக அறிவிக்க வேண்டும். முந்திரி, பாதாம், பிஸ்தா, வால்நட் ஆகியவை மரக்கொட்டைகள். நிலக்கடலை பயறு வகையைச் சேர்ந்தது. ஆனாலும் அலர்ஜியில் அதன் மூர்க்கம் குறைந்ததல்ல.

தமிழ்நாட்டுச் சமையலறைக்கு இந்தப் பட்டியல் பாதிதான் பொருந்துகிறது என்பது என் கருத்து. இறால் இல்லாத இனிப்புத் தட்டில் இறாலைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை. நம் தட்டில் எங்கும் நிறைந்திருக்கும் எள்ளும் கொண்டைக்கடலையும் பட்டியலில் இல்லை. அமெரிக்கா 2023 ஜனவரி 1 முதல் எள்ளைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய பொருளாக்கிவிட்டது. இங்கே 'கொண்டுள்ளது' என்ற அறிவிப்பு வரியை மட்டும் படித்துவிட்டு எள் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். கொண்டைக்கடலையும் அப்படித்தான். லட்டும் மைசூர்பாகும் கடலை மாவு, மாலாடு பொட்டுக்கடலை. பெயர் வேறானாலும் இரண்டும் கொண்டைக்கடலையிலிருந்து வருபவைதான்.

பொட்டலத்தின் மேல் உள்ள குறிகளிலும் ஏமாறும் இடங்கள் உண்டு.

1. பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டும் சொல்கிறது. பால், நெய், பால்பவுடர் எல்லாம் பச்சைப் புள்ளிக்குள் அடக்கம்.

2. 2022 ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் வந்த 'வீகன்' முத்திரை பால் சேர்க்கப்படவில்லை என்று சொல்கிறது. அதே ஆலையில் பால் இனிப்பும் தயாராகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள 'இருக்கலாம்' என்ற எச்சரிக்கை வரியைத் தேட வேண்டும்.

3. கேசினேட், வே பவுடர், பால் திடப்பொருள் ஆகியவை எல்லாம் பால்தான். சேமியா, ரவை, மைதா மூன்றும் கோதுமைதான். குலாப் ஜாமூன் மிக்ஸ் பொட்டலத்தில் பொதுவாக மைதாவும் பால்பவுடரும் சேர்ந்தே இருக்கும்.

தட்டில் அடுக்கி எடைபோட்டு விற்கும் உதிரி இனிப்புக்கு இந்த விவரம் எதுவும் ஒட்டப்பட்டிருக்காது. எந்தத் தேதிவரை உண்ணலாம் என்று காட்சிப்படுத்த வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் முதல் இருக்கிறது. ஆனால் அந்தத் தேதி அலர்ஜி பற்றி எதுவும் சொல்லாது. பச்சைச் சாயம் ஏற்றிய நிலக்கடலைத் துருவலைப் பிஸ்தா என்று விற்றவர்கள் நாட்டில் பிடிபட்டிருக்கிறார்கள் என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். அலர்ஜி உள்ள வீட்டில் பலகாரத்தைக் கையால் செய்துகொள்வது நியாயமான முன்னெச்சரிக்கைதான்.

எண்ணெய், நெய், மாவுச்சத்து: புரதம் தங்கும் இடம்

உணவு அலர்ஜியைக் கிளப்புவது பெரும்பாலும் புரதம். கொழுப்பும் மாவுச்சத்தும் சர்க்கரையும் பொதுவாகக் கிளப்புவதில்லை. இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையைச் சுற்றிவந்தால் பல விடைகள் கிடைக்கும்.

முதலில் எண்ணெய். ஆலையில் சுத்திகரிக்கும்போது, அதாவது ரீஃபைன் செய்யும்போது, கடலை எண்ணெயிலிருந்து புரதம் ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டி, வெயிலில் வைத்துத் தெளியவிட்ட எண்ணெயில் கடலைப் புரதம் சிறிதளவு தங்கியே இருக்கும். 1997 இல் இங்கிலாந்தில் நிலக்கடலை அலர்ஜி உள்ள 60 பேருக்கு இருவகை எண்ணெயையும் கொடுத்துச் சோதித்தபோது, சுத்திகரித்த எண்ணெய்க்கு ஒருவருக்கும் அலர்ஜி வரவில்லை. சுத்திகரிக்காத எண்ணெய்க்கு 6 பேருக்கு வந்தது. 'மரச்செக்கு எண்ணெய்தான் உடம்புக்கு நல்லது' என்ற நம்பிக்கை வேரூன்றிய ஊரில் இது கசப்பான செய்தியாக இருக்கலாம். செக்கு எண்ணெயின் மணத்தையும் சுவையையும் யாரும் மறுக்கவில்லை. நிலக்கடலை அலர்ஜி உள்ளவரின் முறுக்குக்கு மட்டும் அது ஆகாது. நல்லெண்ணெய்க்கும் இதே நியாயம் பொருந்தும். அது சுத்திகரிக்கப்படாமல் புழங்கும் எண்ணெய் என்பதால், எள் அலர்ஜி உள்ளவருக்கு எள்ளைத் தவிர்ப்பது மட்டும் போதாது, எண்ணெயையும் தவிர்க்க வேண்டும். தீபாவளி லேகியத்தில் நெய்யும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கிளறுவது வழக்கம். பலகாரம் தின்ற வயிற்றுக்கு மருந்தாக நீட்டப்படும் அந்த உருண்டைதான் சிலருக்கு அன்றைய நாளின் ஆபத்தான பண்டம். விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கும் அத்தகையவர்கள் தேங்காய் எண்ணெய்க்கு மாறிக்கொள்ளலாம்.

அடுத்தது நெய். வெண்ணெயை உருக்கும்போது நீர் ஆவியாகிறது, பால் புரதம் கசண்டாக அடியில் தங்குகிறது, மேலே தெளிவது ஏறக்குறைய முழுக் கொழுப்பு. லாக்டோஸ் சேராதவர்களுக்கு நெய் பெரும்பாலும் ஒத்துப்போவதன் காரணம் இதுதான். ஆனால் வடிகட்டும் வீட்டு வலையில் புரதத் துகள் எல்லாம் நின்றுவிடுவதில்லை. தீவிர பால் அலர்ஜிக்கு நெய் பாதுகாப்பானதல்ல. பாலைச் சுண்டக் காய்ச்சினால் அலர்ஜி போய்விடும் என்பதும் தவறு. பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்காக இருக்கும் கேசீன் சூட்டுக்கு அசையாது. எருமைப் பாலுக்கோ ஆட்டுப் பாலுக்கோ மாறினாலும் பயனில்லை, அவற்றின் புரதங்கள் பசும்பால் புரதத்தை ஒத்தே இருக்கின்றன.

மூன்றாவது மாவுச்சத்து. இங்கேதான் சேலத்துக்குக் கொடுப்பினை இருக்கிறது.

சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சரக்கு

மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி அரைத்துப் பாலெடுத்து, அதைத் தெளியவிட்டு, அடியில் படியும் மாவை மணியாக உருட்டி, சூடான தட்டில் வறுத்து, வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மாவும் ஜவ்வரிசியும் நின்றுபோக, 1940களில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். 1981 இல் தொடங்கிய 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் இன்றும் ஏலம் நடத்துகிறது. 2023 இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அலர்ஜி நோக்கில் இதன் சிறப்பு என்னவென்றால், கழுவிக் கழுவித் தெளியவைத்த அந்த மணியில் புரதம் என்று சொல்லத்தக்க அளவு எதுவும் எஞ்சுவதில்லை. பாலும் கோதுமையும் கொட்டையும் எள்ளும் பருப்பும் இல்லாத இப்படியொரு பொருள் அடுக்களையில் அரிது. ரப்பர் பாலுக்கு, அதாவது லேடெக்ஸுக்கு, அலர்ஜி உள்ள சிலருக்கு மரவள்ளியும் சேராமல் போவதுண்டு, அது அபூர்வம்.

வெல்லத்தில் ஒரு எச்சரிக்கை. கறுத்த வெல்லத்துக்கு விலை குறையும் என்பதால், வெளுப்பாகத் தெரிய 'ஹைட்ரோஸ்' எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைப் பாகில் கலக்கும் பழக்கம் இருக்கிறது. இதற்காக உணவுப் பாதுகாப்புத் துறை சேலம் மாவட்டத்து வெல்ல ஆலைகளில் பலமுறை சோதனை நடத்தியிருக்கிறது. இதில் வரும் சல்பைட், ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். இது புரதத்தால் வரும் அலர்ஜி இல்லை, ஆயினும் விளைவு கிட்டத்தட்ட அதேதான். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் பளிச்சென்ற மஞ்சள் அச்சைத் தள்ளிவிட்டு, பழுப்பேறிய வெல்லத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. பொன்னிற உலர்திராட்சையிலும் இதே சல்பைட் இருக்கும்.

சேர்வராயன், கல்வராயன் மலைகளின் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றில் இயல்பாகக் குளூட்டன் இல்லை. தேங்காய் பெயரளவில்தான் கொட்டை. முந்திரி அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலோர் தேங்காயைத் தாராளமாகத் தின்னலாம். ஆனால் முந்திரி சேராதவருக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் சேராது, இரண்டும் ஒரே குடும்பம். மாமரமும் அதே குடும்பம்தான் என்பதால் சேலத்துக்காரர்கள் அஞ்ச வேண்டியதில்லை. மாம்பழச் சதை இவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் செய்வதில்லை.

மாற்றிச் செய்வதா, தேர்ந்து செய்வதா?

அலர்ஜிக்கேற்ற இனிப்பு என்றதும் பலர் முந்திரி கத்லியை முந்திரி இல்லாமலும், பால்கோவாவைப் பால் இல்லாமலும் செய்யத் தொடங்குகிறார்கள். முந்திரிக்குப் பதில் தர்பூசணி விதையோ சூரியகாந்தி விதையோ போட்டால், கொழுப்பும் மாவுப்பிடிப்பும் சேர்ந்து முந்திரி தரும் அந்த வழுவழுப்பு வராது. அந்த விதைகளும் சிலருக்கு அலர்ஜி. பல நேரங்களில் முந்திரி உடைக்கும் இடத்திலேயே அவையும் பொட்டலமாகின்றன. இந்தப் போலிகளைச் செய்து மெனக்கெடுவதைவிட, இயல்பிலேயே அந்தப் பொருள் இல்லாத பலகாரத்தைத் தேர்வது எளிது. நம் பழைய பட்டியலில் அப்படிப்பட்டவை இருக்கின்றன.

அதிரசம் அதில் முதன்மையானது. பச்சரிசி, வெல்லம், ஏலம், சுக்கு, பொரிக்கும் எண்ணெய், அவ்வளவுதான். எள்ளைத் தூவாமல், நெய் தொட்டுப் பிசையாமல், சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயில் சுட்டால் பாலும் கோதுமையும் கொட்டையும் எள்ளும் பருப்பும் இதில் இல்லை. ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் கணக்கு. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணியில் பரப்ப வேண்டும். கையில் அள்ளினால் குளிர்ச்சி தெரிய வேண்டும், விரலில் நீர் ஒட்டக் கூடாது. அந்த ஈரப் பதத்தில் அரைத்துச் சலிக்க வேண்டும். வெல்லப் பாகைத் தட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் திரண்டு, விரலால் உருட்ட மென்மையான உருண்டையாக வர வேண்டும். பாகு முன்னே இறங்கினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும்; முற்றிப்போனால் கல்லாகும். கிளறிய மாவை ஒரு நாளாவது மூடிவைத்துப் பிறகு தட்டிச் சுட வேண்டும்.

தேங்காய் பர்பிக்கும் பால் தேவையில்லை. தட்டில் தடவும் நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் போதும். ஜவ்வரிசி அல்வா இன்னும் எளிது. மாவு ஜவ்வரிசியை நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை வேகவிட்டு, வடிகட்டிய வெல்லப் பாகை ஊற்றி, தேங்காய் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, சட்டியில் ஒட்டாமல் சுருளும்வரை கிளறினால் போதும். நைலான் ஜவ்வரிசி இதற்கு ஆகாது, மணி மணியாகவே நிற்கும். அது தேங்காய்ப்பால் பாயசத்துக்குப் பொருந்தும். பாயசத்தில் வெல்லப் பாகு ஆறிய பின், அடுப்பை அணைத்துவிட்டுத் தேங்காய்ப்பாலைச் சேர்த்தால் திரியாது.

மில், எண்ணெய்ச் சட்டி, பெருங்காயம்

சேர்மானத்தில் இல்லாத பொருள் வழியில் வந்து ஏறிக்கொள்வதுதான் வீட்டுப் பலகாரத்தின் உண்மையான சிக்கல். கிருமியைப் போல இதை வெப்பத்தால் கொன்றுவிட முடியாது. கொதிக்கும் எண்ணெயிலும் புரதத்துணுக்கு புரதத்துணுக்காகவே இருக்கும்.

1. மாவு மில். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் மில்லில் வரிசை நிற்கும். முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால் அவரது மாவின் மிச்சம் நமது அரிசி மாவோடு இறங்கும். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாகக் குளூட்டன் இருந்தால்தான் 'குளூட்டன் இல்லாதது' என்று சொல்லலாம் என்பது சட்டம். மைதாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று கொண்டால், ஒரு கிலோ அரிசி மாவில் 200 மில்லிகிராம் மைதா, அதாவது இரு விரலால் கிள்ளும் ஒரு சிட்டிகை, கலந்தாலே எல்லை தொட்டுவிடும். ஆகவே சீலியாக் உள்ளவருக்கு அரிசியை வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பதே வழி. அந்தச் சல்லடை மைதா சலித்ததாக இருக்கக் கூடாது. கடையில் வாங்கும் சிறுதானிய மாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்; தானியமாக வாங்கி, பொறுக்கிக் கழுவி அரைப்பது மேல்.

2. எண்ணெய்ச் சட்டி. கடலை மாவில் தோய்த்த பூந்தியைப் பொரித்த எண்ணெயில் அதிரசத்தைப் போட்டால் அதிரசத்திலும் கொண்டைக்கடலை வந்துவிடும். அலர்ஜிக்கான பலகாரத்தை எல்லாவற்றுக்கும் முதலில், புது எண்ணெயில் சுட்டு எடுத்து மூடி வைத்துவிட்டு, மற்றவற்றைப் பிறகு தொடங்குவது சரியான வரிசை. 'பொரித்த எண்ணெயைக் கீழே ஊற்றுவதா?' என்ற சிக்கனமும் இதில் காப்பாற்றப்படுகிறது.

3. பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். அரிசியும் உளுந்தும் மட்டுமே போட்ட முறுக்கு, இந்த ஒரு சிட்டிகையால் கோதுமைப் பலகாரமாகிவிடும். டப்பாவின் பின்புறத்தைப் படிக்காமல் போடக் கூடாத பொருள் இதுதான்.

4. கரண்டி, அச்சு, கை. முறுக்கு அச்சின் துளைகளிலும் மரக் கரண்டியின் கீறல்களிலும் பழைய மாவு தங்கும். இவற்றுக்குத் தனிச் சாமான் வைத்துக்கொள்வது நல்லது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் கடலைப் புரதம் போய்விடும். சானிடைசர் தடவினால் போகாது, அது கிருமிக்கான மருந்து.

வறுக்கும் கடலையின் வாசனையே ஆகாது என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. மணம் தருவது புரதம் அல்லாத ஆவிப்பொருள்கள். ஆனால் மாவு சலிக்கும்போது பறக்கும் தூசியில் புரதம் இருக்கிறது. அலர்ஜியோடு ஆஸ்துமாவும் உள்ளவர் அந்நேரம் அடுக்களையை விட்டு விலகி இருப்பது நல்லது.

ஏற்காட்டில் பாகு ஏன் வேறுபடுகிறது?

ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும்; 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கும் சேலத்தில் 99 டிகிரி ஆக வேண்டும். சர்க்கரைப் பாகின் பதங்களும் அதற்கேற்பக் கீழிறங்கும். வெப்பமானி வைத்துப் பாகு காய்ச்சுபவர்கள், கடல் மட்டத்தில் 112 டிகிரி என்று எழுதியிருக்கும் மென்மையான உருண்டைப் பதத்தை மலையில் 107 இல் எதிர்பார்க்க வேண்டும். 112 வரை காத்திருந்தால் முற்றிவிடும். தட்டுத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பவருக்கு இந்தக் கணக்குத் தேவையே இல்லை. அந்தச் சோதனை பாகின் அடர்த்தியைத்தான் அளக்கிறது, சூட்டை அல்ல. எந்த உயரத்திலும் அது பொய்க்காது. நெய்யும் பாலும் இல்லாத இனிப்பில் பதப்பிழையை மறைக்கக் கொழுப்பு இல்லை என்பதால் இது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

நெய்யை விட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினால் இன்னொரு வேறுபாடும் தெரியும். அது 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். ஐப்பசிக் குளிரில் ஏற்காட்டில் அல்வா மெழுகுபோல் இறுகும். அதே அல்வா சேலத்துப் பகலில் எண்ணெய் கக்கும். மலையில் எண்ணெயைக் குறைத்து, உண்ணும்போது சற்றே சூடாக்கிக் கொடுக்கலாம். மழைமூட்டத்தில் அரிசி நிழலில் உலராது. அதிரசத்துக்கு விசிறிக் காற்றில்தான் உலர்த்த வேண்டியிருக்கும்.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும்

அண்டை வீட்டுக்குத் தட்டு அனுப்பும்போது எல்லாப் பலகாரமும் ஒன்றோடொன்று உரசியே போகின்றன. தனியாக, கவனமாகச் சுட்ட அதிரசம் மிக்சரோடு ஒரே தட்டில் கிடந்தால் அதுவரை பட்ட பாடு வீண். மூடிய டப்பாவில் தனியே வைத்து, ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டலாம். அதில் 'அலர்ஜி இல்லாதது' என்று எழுதக் கூடாது, அந்த உறுதியை எந்த வீட்டு அடுக்களையும் தர முடியாது. 'பச்சரிசி, வெல்லம், ஏலம், சுக்கு. ரீஃபைன் சூரியகாந்தி எண்ணெய். அரிசி வீட்டு மிக்ஸியில் அரைத்தது. இதே அடுக்களையில் கடலை மாவும் நெய்யும் புழங்குகின்றன' என்று உள்ளதை எழுதினால், தின்பதா வேண்டாமா என்பதை வாங்குபவர் தன் நோயின் தன்மைக்கேற்ப முடிவு செய்துகொள்வார். விற்பனைக்குச் செய்பவர்கள் வீட்டிலிருந்து செய்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற வேண்டும்.

தவறி நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை:

1. தடிப்போடு வாந்தியோ, மூச்சிரைப்போ, குரல் கம்மலோ, மயக்கமோ சேர்ந்து வந்தால் அது தீவிர ஒவ்வாமை. முதல் மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது.

2. 108 ஐ அழைத்து, நோயாளியைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும்; மூச்சுத் திணறல் இருந்தால் சாய்ந்து உட்கார விடலாம். எழுப்பி நடக்கவைக்கக் கூடாது.

3. அறிகுறி தணிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்து அது மறுபடி தலைதூக்கக் கூடும்.

தானே செலுத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா இந்தியாவில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஏற்கெனவே தீவிர ஒவ்வாமை வந்தவர்கள், ஊசியை எப்படிக் கையில் வைத்துக்கொள்வது, யார் போடுவது என்று தம் மருத்துவரிடம் பண்டிகைக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். விடுமுறைக்கு ஏற்காடு செல்பவர்களுக்கும் அங்கேயே குடியிருப்பவர்களுக்கும் இது கட்டாயம். சேலத்துப் பெரிய மருத்துவமனைக்கும் அவர்களுக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஐப்பசி மழையில் பனிமூட்டம் இறங்கினாலோ மண் சரிந்தாலோ வண்டி எப்போது கீழே சேரும் என்று சொல்ல முடியாது.